பாதிப் படம் திரையில், பாதிப் படம் நினைவில்

அனைவருக்கும் வணக்கம்.

பல வருடங்களாக நாம் கொண்டாடிவரும் ஒரு தொடரில் புதிய பாகம் வெளியாகிறது. முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவரிடம் "படம் எப்படி?" என்று கேளுங்கள். "முதல் பாகம் மாதிரி வருமா!" என்பார் ஒருவர். "முதல் பாகத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். கவனித்தீர்களா? இரண்டு பதிலிலும் இருப்பது முதல் பாகம்தான். இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்த படத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொடர் படத்தின் இயல்பே அதுதான். தனியாக வரும் படம் வெறுங்கையோடு வந்து நம் மனதில் இடம்பிடிக்க வேண்டும். தொடர் படத்துக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. விளக்கு அணைகிறது, பழைய தீம் இசையின் முதல் நாலைந்து ஸ்வரங்கள் கேட்கின்றன, அரங்கமே ஆர்ப்பரிக்கிறது, நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சம்பாதித்து வைத்தது முந்தைய படம். புதிய படம் அதை எடுத்துச் செலவு செய்கிறது. சில படங்கள் அந்தச் சேமிப்பை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகின்றன. சில படங்கள் கடைசி வரை செலவு மட்டுமே செய்துவிட்டுப் போகின்றன.

அதனால் நான் இங்கே வலியுறுத்த வந்தது ஒன்றுதான். தொடர் படத்தில் பாதி திரையில் ஓடுகிறது, பாதி பார்ப்பவரின் நினைவில் ஓடுகிறது. கருத்துச் சொல்பவர் எந்த நினைவோடு உள்ளே போனார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கருத்து அடுத்தவருக்குப் பயன்படும்.

நினைவு எப்படிப் படத்தின் பாகமாகிறது என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1984இல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் ஈவிரக்கமில்லாத கொலை இயந்திரம். 1991இல் இரண்டாம் பாகம் எடுத்த ஜேம்ஸ் கேமரூன் அந்தப் பயத்தையே மூலதனமாக்கினார். எதிர்காலத்திலிருந்து இருவர் வருகிறார்கள். ஒருவர் ஆர்னால்ட். இன்னொருவர் ஒல்லியான ஆள், போலீஸ் சீருடையில் இருக்கிறார். இருவரும் தேடுவது ஒரே சிறுவனை. முதல் பாகம் பார்த்தவருக்கு யாரைக் கண்டு பதற வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வணிக வளாகத்தின் பின்பக்க நடைபாதையில் சிறுவன் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். ஆர்னால்டின் கையில் ரோஜாப்பூப் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வருகிறது. பூக்கள் தரையில் சிதறி அவர் பூட்ஸுக்கு அடியில் நசுங்குகின்றன. "குனி" என்கிறார். அடுத்த நொடி துப்பாக்கி வெடிப்பது போலீஸ்காரரை நோக்கி.

முதல் பாகம் பார்க்காதவருக்கு இது ஒரு நல்ல சண்டைக் காட்சி. பார்த்தவருக்கோ ஏழு வருடமாக மனதில் இருந்த பயம் தலைகீழாகிற இடம். திரையில் இருக்கும் படம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் இருவரும் பார்த்தது ஒன்று இல்லை. இத்தனை கவனமாகப் போட்ட முடிச்சை அந்தப் படத்தின் முன்னோட்டமே அவிழ்த்துவிட்டது என்பதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆர்னால்ட் இந்த முறை காப்பாற்ற வந்தவர் என்று படம் வருவதற்கு முன்பே ஊரறியச் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே படம் பார்த்துவிட்டு முடிவை உரக்கச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் மேல் நாம் கோபப்படுகிறோம். நியாயம்தான். சில நேரம் படத்தை எடுத்தவர்களே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

முடிச்சைக் காப்பாற்றியவர்களும் உண்டு. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்', 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படம். வில்லன் டார்த் வேடர் நாயகன் லூக்கிடம் "நான்தான் உன் அப்பா" என்று சொல்லும் இடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். படப்பிடிப்பில் அந்த வசனமே கிடையாது. வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் புரோஸ் பேசியது, லூக்கின் குருவான ஓபி-வானைக் குறிப்பிட்டு, "ஓபி-வான்தான் உன் அப்பாவைக் கொன்றான்" என்ற பொருள்படும் பொய் வசனம். லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் மட்டும் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர் உண்மையைச் சொன்னார், முகத்தில் சரியான அதிர்ச்சி வர வேண்டும் என்பதற்காக. உண்மையான வசனத்தைப் பிறகு ஒலிப்பதிவில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பேசினார். அந்த வரியைப் படித்ததும் "வேடர் பொய் சொல்கிறான்" என்றுதான் தனக்குத் தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

குரல் கொடுத்தவருக்கே அந்தச் சந்தேகம் என்றால் பார்வையாளரைக் கேட்கவா வேண்டும்? அடுத்த பாகம் 1983இல்தான் வந்தது. அந்த மூன்று வருடமும் வேடர் சொன்னது உண்மையா பொய்யா என்று மக்கள் வாதாடினார்கள். 'பாகுபலி'யின் முதல் பாகம் 2015இல் முடிந்த விதமும், 2017இல் இரண்டாம் பாகம் வரும்வரை கட்டப்பாவைப் பற்றி நாம் எழுப்பிய கேள்வியும் இதே சுகம்தான். அந்தக் காத்திருப்பில் ஆளாளுக்கு ஒரு விடையை யோசித்தோம், ஆளாளுக்கு ஒரு படத்தை மனதுக்குள் எடுத்தோம். நான் இதை ரொம்ப உயர்வாக மதிக்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரு கதை நட்பாக்குகிறதே!

சரி, 1980இல் அந்தப் படத்துக்கு என்ன வரவேற்பு? இன்று அந்த வரிசையிலேயே சிறந்தது என்று பெரும்பாலோர் அதைத்தான் சொல்கிறார்கள். அன்று விமர்சகர்களிடம் இரண்டு விதமான கருத்தும் இருந்தது. நியூயார்க் டைம்ஸில் எழுதிய வின்சென்ட் கேன்பிக்குப் படம் பிடிக்கவில்லை. நாயகன் தோற்று, கையை இழந்து, நண்பன் எதிரியிடம் சிக்கிய நிலையில் படம் நின்றுவிடுகிறது. முதல் பாகத்தின் பதக்கம் அணிவிக்கும் விழாவை நினைவில் வைத்துக்கொண்டு போனவருக்கு அது முடிவாகவே தெரிந்திருக்காது. முதல் நாள் கருத்து தப்பு, காலம் கடந்த கருத்துதான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். முடிவில்லாமல் முடிந்தது என்று அன்று சொன்னவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அதைத் தாங்கும் அடுத்த பாகம் அப்போது பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, அதே வரிசையில் பார்வையாளர்களைப் பிளந்த படத்துக்கு வருகிறேன். 2015இல் வந்த பாகத்தின் கடைசிக் காட்சி இது. ஒரு தீவின் பாறை உச்சியில் ரே என்ற இளம்பெண், முதுமை எட்டிய லூக்கிடம் அவருடைய பழைய ஒளிவாளை நீட்டுகிறாள். அவர் வாங்குவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. இரண்டு வருடம் உலகமே அந்த நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. என்ன பேசுவார், எப்படி வாங்குவார் என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கற்பனை செய்திருப்பார்கள்! 2017இல் 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தது. லூக் வாளை வாங்கினார், ஒரு கணம் பார்த்தார், தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்துவிட்டு நடந்தார்.

ஒரே ஒரு அசைவு. "இதற்காகவா காத்திருந்தோம்?" என்று கொதித்தவர்கள் உண்டு. "அப்பாடா, கடைசியில் தெரியாத ஒன்றைக் காட்டினார்கள்" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. லூக்கைப் பற்றி இயக்குநர் ரியான் ஜான்சன் எடுத்த முடிவுகளோடு மார்க் ஹாமிலுக்கே முதலில் உடன்பாடு இல்லை, அதை அவர் வெளிப்படையாகவே பேசினார். இத்தனை வருடம் லூக்காக வாழ்ந்தவரின் நினைவிலும் ஒரு லூக் இருந்தார். ரசிகர்கள் ஏமாந்தது குழந்தைத்தனம் என்று கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தப் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண்கள் இன்னொரு பாடம். விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விமர்சகர்கள் பாராட்டினார்கள். அதே தளத்தில் பார்வையாளர் பகுதியில் பாராட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. ஆனால் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் அரங்க வாசலில் கேட்டபோது பார்வையாளர்கள் கொடுத்தது 'ஏ' கிரேடு. எது உண்மை?

சினிமாஸ்கோர் எப்படித் தொடங்கியது என்பது நம் பேச்சுக்குப் பொருத்தமான கதை. 1970களின் கடைசியில் எட் மின்ட்ஸ் என்பவர் ஒரு படத்துக்குப் போய் ஏமாந்தார். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சாதாரண மனிதரை யாருமே கேட்பதில்லையே என்று யோசித்தார். முதல் நாள் படம் முடிந்து வருகிறவர் கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, கிரேடு என்ன, வயது என்ன, எதற்காக இந்தப் படத்துக்கு வந்தீர்கள் என்று குறித்துத் தரச் சொன்னார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். எதற்காக வந்தீர்கள்? நான் முதலில் சொன்ன நினைவைப் பற்றிய கேள்விதான் அது.

ஆனால் முதல் நாள் இரவே ஓடி வருகிறவர் யார்? ஏற்கெனவே மனதைக் கொடுத்தவர். அவருடைய கிரேடு கொஞ்சம் உயர்வாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவரோ ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற வேகம் உள்ளவர். சும்மா பிடித்திருந்தவர் பேசாமல் தூங்கப் போய்விடுகிறார். இந்த எண்கள் பொய் சொல்கின்றன என்பதல்ல என் வாதம். வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு நேரத்தில் கேட்டால் வெவ்வேறு விடைதான் வரும். படத்தைப் பார்க்கவே பார்க்காதவர்களும் முன்கூட்டியே கருத்துகளைக் கொட்டியதால், வெளியீட்டுக்கு முன் கருத்துப் பதியும் வசதியை ராட்டன் டொமேட்டோஸ் 2019இல் எடுத்துவிட்டது. டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்த பின் மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையையும் அதே வருடம் கொண்டுவந்தது. நல்ல காரியம். பார்க்காத படத்தைத் திட்டுவதைக் கருத்து என்று என்னால் ஏற்க முடியாது.

அப்புறம் வயது. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் முதல் பாகத்தைச் சிறுவயதில் பெரிய திரையில் பார்த்தவர். நடுவில் இருக்கும் இளைஞர் எல்லாப் பாகங்களையும் போன வாரம் செல்பேசியில் ஒரே மூச்சில் பார்த்து முடித்தவர். ஓரத்தில் இருக்கும் குழந்தைக்கு இதுதான் முதல் படம். பழைய நாயகர் நரைத்த தாடியோடு திரையில் நுழைகிறார். பெரியவருக்குக் கண் கலங்குகிறது. தன் வயதும் சேர்ந்தல்லவா அங்கே நுழைகிறது! இளைஞர், முந்தைய பாகத்தில் இவருக்குக் காயம் பட்டது எந்தக் கையில் என்று சரிபார்க்கிறார். குழந்தை கேட்கிறது: "யாருப்பா இந்தத் தாத்தா?"

மூன்றும் நல்ல எதிர்வினைகள். பெரியவரிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு, ஆனாலும் புதிய படத்தைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுப்பது குழந்தையின் கேள்வி. அந்தத் தாத்தா யார் என்று படம் தன் சொந்தக் காலில் நின்று காட்டியதா, இல்லை நம் கைத்தட்டலை நம்பி விட்டுவிட்டதா? 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' அந்த வரிசையின் முந்தைய படத்துக்கு முப்பது வருடம் கழித்து வந்தது. பழைய படங்கள் எதையும் பார்க்காதவர்களும் அதில் முழுதாக மூழ்க முடிந்தது. இப்படிப்பட்ட படங்களுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏமாற்றம் சில நேரம் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. 1999இல் 'தி ஃபான்டம் மெனஸ்' வந்தபோது ஜார் ஜார் என்ற பாத்திரத்தை உலகமே வெறுத்தது. அதில் நடித்த அகமது பெஸ்ட் அப்போது தன் உயிரையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாக 2018இல் வெளியே சொன்னார். 'லாஸ்ட் ஜெடாய்' படத்தில் ரோஸ் என்ற பாத்திரமாக வந்த கெல்லி மேரி டிரான், தொடர்ந்து வந்த வசைகளுக்குப் பிறகு 2018இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கினார். பாத்திரம் பிடிக்கவில்லை என்று சொல்ல டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் உரிமை உண்டு. எழுதிக் கொடுத்ததை நடித்தவரின் வாழ்க்கைக்குள் நுழைய யாருக்கும் உரிமை இல்லை. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

1999இல் அந்தப் படத்தைக் குழந்தைகளாகப் பார்த்தவர்களுக்கு ஜார் ஜார் வெறும் வேடிக்கையான ஆள். அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். 2024இல், வெளியாகி 25 வருடம் ஆனதையொட்டிப் படம் மறுபடி அரங்குக்கு வந்தபோது போய்ப் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுடைய நினைவு வேறு, அதனால் அவர்களுடைய படமும் வேறு.

அடுத்த முறை ஒரு தொடர் படம் பார்த்துவிட்டு வந்தால் "மாஸ்", "மொக்கை" என்று ஆரம்பிக்காமல் ஒரு காட்சியைச் சொல்லி ஆரம்பியுங்கள். "அந்த இடத்தில் நான் இதை எதிர்பார்த்தேன், நடந்தது இது, எனக்கு இப்படி இருந்தது" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் மறுத்தாலும் அந்தக் காட்சியைத் தொட்டுத்தான் மறுத்தாக வேண்டும். பேச்சு அங்கே வளரும். முந்தைய பாகங்களில் எதைப் பார்த்திருக்கிறீர்கள், எந்த வயதில் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் இன்னும் படம் பார்க்கவில்லை என்றால் கடைசி அரைமணி நேரத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக இருக்கட்டும்.

என் நேரம் முடிந்தது, இனி உங்கள் நேரம். இங்கே பலர் புதிய பாகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், பேசத் துடித்துக்கொண்டிருப்பதும் தெரிகிறது. பழைய பாகங்கள் எதையுமே பார்க்காமல் நேராக இந்தப் படத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள், முதலில் மைக் உங்களுக்குத்தான்.