ரதி கண்ணுல பாருங்க

நேயர்களுக்கு வணக்கமுங்க. காமத்தப் பத்தி, அதாவது தத்துவத்துலயும் கலையிலயும் அதுக்கு என்ன எடம்னு பேசப் போறேன்னதும் வீட்டுல "ரேடியோலயா"ன்னு சிரிச்சாங்க. வள்ளுவரு 1330 குறள்ல 250 குறள இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காரு, அவருக்கே கூச்சமில்ல, நமக்கு என்னங்க, சவுண்ட கொஞ்சம் கூட்டி வச்சே கேளுங்க.

சேலத்துக்காரங்க முக்கால்வாசிப் பேரு தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருப்பீங்க, இந்தப் பக்கத்த ஆண்ட கெட்டி முதலிங்க கட்டுனது. நான் அங்க போனா சிலைய விட கூட்டத்தத்தான் ஜாஸ்தி வேடிக்க பாப்பேன். மொதல்ல எல்லாரும் வாய்க்குள்ள கல்லுருண்டை உருளுதே, அந்த சிங்கத்துகிட்ட போவாங்க, விரல விட்டு உருட்டுவாங்க, அப்புறம் வாலி தூணு, ராமர் பக்கமிருந்து பாத்தா வாலி தெரியும், வாலி பக்கமிருந்து ராமர் தெரியமாட்டாரு, அங்க குனிஞ்சு நிமிந்து ஒரே ஆர்ப்பாட்டம். ரதி மன்மதன்கிட்ட வந்ததும் நடையே மாறிடும்ங்க. ஆம்பளைங்க திடீர்னு விதானத்த ஆராய்ச்சி பண்ணுவாங்க, அக்காமாருங்க புள்ளைங்கள இழுத்துட்டு வேகமா நகந்துருவாங்க, காலேஜ் பசங்க அக்கம்பக்கம் பாத்துட்டு ஒரு போட்டோ. ஒரு தடவ ஒரு பெரியவரு மட்டும் அசராம நின்னு பாத்துட்டே இருந்தாரு. அவரு சம்சாரம், "என்னங்க அப்பிடி பாக்கறீங்க"ன்னாங்க. "நான் மன்மதனத்தான் பாக்கறேன், உனக்கென்ன"ன்னாரு. அந்தம்மா விடல, "அவன அவ பாத்தா போதும், நீங்க வாங்க"ன்னாங்க. எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

ஆனா புராணமே அதுதாங்க. சிவன் நெத்திக்கண்ணுல எரிஞ்சு போன மன்மதன், ரதி அழுது கேட்டதால உயிரோட வந்தான், ஆனா ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். இப்ப யோசிங்க, அவ ஒருத்திக்கு மட்டும் தெரியறவனுக்கு தோளும் இடுப்பும் செதுக்கி நம்ம முன்னாடி நிறுத்தறான்னா, சிற்பி கொஞ்ச நேரத்துக்கு ரதி கண்ணையே நமக்கு குடுக்கறான். துணி எவ்வளவு இருக்குன்னு அளக்கறத விடுங்க, விரும்பறவங்களோட கண்ணு நமக்கு கிடைக்குதா, அதத்தான் நான் பாப்பேன். திரும்பவும் சொல்றேன், விரும்பறவங்களோட கண்ணு.

தத்துவத்துல கிரேக்க நாட்டு பிளேட்டோ. விருந்துல உக்காந்து ஆளாளுக்கு காதலப் பத்தி பேசற மாதிரி ஒரு நூல் எழுதுனாரு, அதுல தியோத்திமான்னு ஒரு அம்மா சொன்னதா சாக்ரடீஸ் ஒரு கத சொல்றாரு. காதல் தெய்வம் ஈரோஸுக்கு அம்மா வறுமை, அப்பா எப்படியாவது வழி கண்டுபுடிக்கற கெட்டிக்காரன், அதனால புள்ளைக்கு கால்ல செருப்பில்ல, வீடில்ல, ஆனா தேட்டம் மட்டும் ஓயாது. எல்லாம் தெரிஞ்சவனும் தேடமாட்டான், தெரியலங்கறதே தெரியாதவனும் தேடமாட்டான், நடுவுல நிக்கறவன்தான் தேடுவான், அவன்தான் ஈரோஸ், அவன்தான் தத்துவவாதின்னு சொல்றாங்க அந்தம்மா. நம்மாளு வள்ளுவரு என்ன சொல்றாரு? "அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு." படிக்கப் படிக்க இவ்வளவு நாள் இது தெரியலியேன்னு தோணுமில்ல, அவள நெருங்க நெருங்க அப்பிடி இருக்காம். ரெண்டு பேரும் காமத்த அறிவு பக்கத்துல உக்கார வச்சுட்டாங்க பாருங்க. ஆனா பிளேட்டோ ஒரு உடம்புல ஆரம்பிச்சு படிப்படியா ஏறி கடைசில அழகுங்கற தத்துவத்துக்கு போயிடறாரு, உடம்பு கீழயே நின்னுடுது. வள்ளுவரு எங்கயும் ஏறல, அதே பொண்ணுகிட்டயே இருக்காரு. என் ஓட்டு வள்ளுவருக்குத்தான்.

நம்ம ஏற்காடு மாதிரி மலைப்பக்கம்னா சங்கப் பாட்டுல குறிஞ்சி, கூடலுக்கு உண்டான எடம். குறுந்தொகையில கபிலர் பாட்டு, 25வது. அதுல ஒரு பொண்ணு, அவன் என்னோட சேந்தப்போ யாருமே இல்ல, ஓடற தண்ணில ஆரல் மீனுக்கு காத்துட்டிருந்த ஒரு குருகு மட்டுந்தான் இருந்துச்சுங்கறா, அதோட காலு தினைத்தாள் மாதிரி சின்னதா, பச்சையா இருந்துச்சாம். அவங்க ரெண்டு பேரு கூடுனதப் பத்தி வேற ஒரு வரி கிடையாது. அந்த நேரத்துல அவ கண்ணு எங்க போச்சோ அங்கதான் நம்ம கண்ணும் போகுது, பறவை கால் நெறம் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கான்னா அந்த நாளு அவளுக்குள்ள எப்படி பதிஞ்சிருக்கணும்!

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டறாங்க, சுருக்கமா சொல்லிடறேன். பதாய்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, 1957ல வந்த புத்தகத்துல, தடைய மீறறதால தடை அழிஞ்சு போறதில்ல, தடையும் மீறலும் சேந்தாத்தான் காமம்கறாரு. விதானத்த பாக்கற நம்மாளுங்கள அவரு பாத்திருக்கணும். பழைய சினிமால ரெண்டு பூவ ஒட்ட வச்சு காட்டுவாங்களே, அதுக்கு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தேன், கூப்புட்டா இன்னொரு நாள் வந்து படிக்கறேன். வணக்கமுங்க.