ஒரு படிப் பாலை அரைப்படியில் வாங்கலாமா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பல்லாண்டு உழைப்பில் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதி, இயந்திர மொழியாகத் தொகுத்து வைத்த நிரலகங்களை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்புகளை, பைத்தான் என்னும் நிரல் மொழியில் மறுபடியும் எழுத வேண்டியதில்லை, அப்படியே அழைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன். இன்று நம்பை என்னும் பைத்தான் கணித நிரலகத்தைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் மாணவரும், 1992இல் வெளிவந்த லேபேக் என்னும் ஃபோர்ட்ரான் நிரலகத்தின் வழிமுறைகளைத்தான் தம்மை அறியாமல் பயன்படுத்துகிறார்.

நாமே அழைப்பதற்கு, 2006இல் வெளியான பைத்தான் 2.5 முதல் சிடைப்ஸ் என்னும் கருவி உடன் வருகிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் நிரலகத்தைத் திறக்கும். அதிலுள்ள செயற்கூற்றின், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியின், பெயரைக் கொடுத்தால் அழைக்கும். ஆனால் அது எதைக் கேட்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வருவது வழக்கமாக 32 பிட், அதாவது 32 இரும இலக்க அளவுள்ள முழு எண் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அளவைக் கருவி ஒன்றை இயக்கும் சி நிரலகம் எங்களிடம் இருந்தது. மூல நிரல் யாரிடமும் இல்லை. கருவியைத் திறக்கும் செயற்கூறு ஒரு நினைவக முகவரியை, அதாவது கணினி நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணைத் தரும். என் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல், பக்கத்து மேசைக் கணினியில் எந்தப் பிழைச் செய்தியும் பைத்தானிடமிருந்து வராமல் சட்டென நின்றது. மூன்று நாள் கருவியையும் கம்பியையுமே சந்தேகித்தேன். உண்மையில், 64 பிட் கணினியின் முகவரியை 32 பிட்டில் வாங்கியிருந்தேன். ஒரு படிப் பாலை அரைப்படியில் வாங்கினால் பாதி வழிந்துதானே போகும்? என் கணினியில் முகவரி சிறிய எண்ணாக அமைந்ததால் அரைப்படியிலும் அடங்கிவிட்டது. அதுதான் என்னை ஏமாற்றியது. திருப்பித் தருவது முகவரி என்று ஒரு வரி எழுதினேன், அப்போதும் நின்றது. அதே முகவரியை அடுத்த செயற்கூற்றிடம் கொடுக்கும்போதும் அரைப்படியில்தான் ஊற்றியிருக்கிறேன்! வாங்கும்போதும் சொல்ல வேண்டும், கொடுக்கும்போதும் சொல்ல வேண்டும். மீண்டும் சொல்கிறேன், இரண்டு இடத்திலும் வகையை எழுத வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதால், விரிவாகப் பேச எண்ணியிருந்த நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாக: நிரலகம் ஒதுக்கிய இடத்தை, அதற்கென அந்த நிரலகமே தரும் செயற்கூற்றைக் கொண்டு விடுவியுங்கள், பைத்தான் செயற்கூறு ஒன்றை நிரலகம் திரும்ப அழைப்பதற்காக ஒப்படைத்தால், வேலை முடியும்வரை அதை ஒரு மாறியில் பிடித்து வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.