காலி நாற்காலியும் டேவிட் பேட்டர்சனும்

நேயர்களுக்கு வணக்கம். 2008 மார்ச்சில் நியூயார்க் மாநில கவர்னர் எலியட் ஸ்பிட்சர் பாலியல் தொழில் விவகாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டார். செய்தி வெளியான ஒரே வாரத்தில் பதவி போனது. மார்ச் 17 அன்று துணை கவர்னர் டேவிட் பேட்டர்சன் பதவியேற்றார். அமெரிக்க மாநிலங்களில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பேட்டர்சனைக் கவர்னராக்க ஒருவரும் ஓட்டுப் போட்டதில்லை.

நியூயார்க்கின் முதல் கறுப்பின கவர்னர் அவர். கைக்குழந்தையாக இருந்தபோது காதில் வந்த தொற்று பார்வை நரம்பைத் தாக்கியது. ஒரு கண்ணில் பார்வையே இல்லை, மறு கண்ணில் கொஞ்சம்தான். பிரெய்ல் கற்காததால் வேலையெல்லாம் காதுவழிதான். உதவியாளர்கள் கோப்புகளின் சாரத்தைக் குரல்பதிவாகப் பேசி வைப்பார்கள். அவர் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வார். உரைகளும் அப்படியே, மனப்பாடம். தாளைப் பார்த்து வாசிக்கும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைதான்.

பதவியேற்ற மறுநாளே தானும் மனைவியும் முன்பு வேறு உறவுகள் வைத்திருந்ததாகப் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். பிறர் கிளறுவதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. நியூயார்க்கின் நிதிச்சந்தையான வால் ஸ்ட்ரீட் தரும் வரியை நம்பியிருந்த மாநில கஜானா ஆட்டம் கண்டது. அப்புறம் ஹிலாரி கிளின்டன் விட்டுப்போன அமெரிக்க செனட் இடம், அதற்கு ஆளை நியமிக்க வேண்டியவர் கவர்னர். முன்னாள் அதிபர் கென்னடியின் மகள் கரோலின் கென்னடியின் பெயர் வாரக்கணக்கில் அடிபட்டு, அவர் விலகி, கடைசியில் கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் நியமனம். கவர்னருக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம்.

ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது 2009 கோடையில் அவர் செய்த காரியம்.

மாநில சட்டமன்றத்தின் மேலவையான மாநில செனட்டில் அப்போது 62 இடங்கள். ஜூன் மாதம் ஜனநாயகக் கட்சியினர் இருவர் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். 31-க்கு 31. ஒரு நாள் இரண்டு கட்சிகளும் ஒரே மன்றத்தில், ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கூட்டம் நடத்தின. இந்த இழுபறியைத் தீர்க்கக்கூடியவர் துணை கவர்னர். அந்த நாற்காலியோ பேட்டர்சன் எழுந்து வந்த நாள் முதல் காலி. கவர்னர் போனால் அடுத்து யார் என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. துணை கவர்னரின் காலியிடத்துக்கு ஆளை நியமிப்பது பற்றி அது வாய் திறக்கவில்லை.

கவர்னருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்றார் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ. பேட்டர்சன் கேட்கவில்லை. ஜூலை 8 அன்று போக்குவரத்துத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ரிச்சர்ட் ராவிட்சை நியமித்தார். நீதிமன்றம் தடை போட்டுவிடுமோ என்ற அவசரத்தில் அன்று இரவே, புரூக்ளினில் ஓர் உணவகத்தில், பதவிப் பிரமாணம் முடிந்தது. மறுநாள் அந்த இன்னொரு உறுப்பினரும் கட்சிக்குத் திரும்ப, முடக்கமே தீர்ந்தது! வழக்கு மட்டும் நடந்தது. செப்டம்பரில் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், நியமனம் செல்லும் என்றது.

இதெல்லாம் ஓட்டாக மாறவில்லை. செல்வாக்கு சரிந்துகொண்டே போக, 2010 பிப்ரவரியில் அந்த ஆண்டின் கவர்னர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். அடுத்து கவர்னரானவர் அதே குவோமோ. 2021-இல் பாலியல் அத்துமீறல் புகார்களால் குவோமோவும் ராஜினாமா செய்ய, துணை கவர்னர் கேத்தி ஹோக்கல் பொறுப்பேற்றார். தான் விட்டு வந்த இடத்துக்கு அவர் பிரையன் பெஞ்சமினை நியமித்தார். பேட்டர்சன் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு இருந்ததால், அந்த அதிகாரம் உண்டா என்ற சண்டை இந்தத் தடவை எழவில்லை.