எலோயீயும் அல்லாஹ்வும்

அன்பான பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

குவைத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஆராதனை நாள். ஒரே வளாகத்தில் தமிழ் ஒரு அறையில், மலையாளம் பக்கத்து அறையில், அரபு அதற்கடுத்த அறையில். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி அரபு அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். “அண்ணே, இவங்க அல்லாஹ்ன்னு பாடுறாங்களே, இடம் மாறி வந்துட்டோமா?” என்று கேட்டான். உள்ளே பாடியவர்கள் எகிப்திலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் மாதம் எனக்கும் அதே திகைப்புதான்.

அரபு மொழியில் கடவுளுக்குச் சொல் அல்லாஹ். யோவான் 3:16 நமக்கு மனப்பாடம். அரபு வேதாகமத்தில் அதே வசனத்தில் ‘அஹப்பல்லாஹ்’ என்று வருகிறது. அல்லாஹ் அன்புகூர்ந்தார் என்று பொருள். சிலுவையில் இயேசு ‘எலோயீ, எலோயீ’, அதாவது ‘என் தேவனே, என் தேவனே’ என்று கூப்பிட்டாரே, அது அரமேயம், அரபிக்கு உடன்பிறந்த மொழி. எலோயீக்கும் அல்லாஹ்வுக்கும் வேர் ஒன்று. பெரிய வெள்ளிதோறும் அதைக் கேட்கிற நாம் அரபு அறை வாசலில் மிரண்டு நிற்கலாமா?

அல்லாஹ் என்பது இஸ்லாமிடமிருந்து கிறிஸ்தவர்கள் இரவல் வாங்கிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரபு பேசிய கிறிஸ்தவர்கள் இஸ்லாமுக்கு முன்பே இருந்தார்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலிலேயே அரபியர் இருக்கிறார்கள். சிரியாவில் ஸபத் என்னும் ஊரில், செர்ஜியுஸ் என்ற இரத்தசாட்சியின் நினைவாகக் கட்டிய ஆலயத்தின் வாசற்கல்லில் கிரேக்கம், சீரியம் இரண்டோடும் அரபு எழுத்தும் இருக்கிறது. ஆண்டு 512. முகம்மது நபி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியது.

நம் கதையும் அதுதானே? தேவன், வேதம், ஜெபம் எல்லாம் நமக்கு முன்பே இந்த மண்ணில் புழங்கிய சொற்கள். பப்ரிஷியஸ் ஐயர் தம் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொண்ட ‘பராபரன்’ சைவர்கள் உருகிப் பாடிய சொல்.

அப்புறம், காது கொடுத்துக் கேட்டால் வேறுபாடும் தெரியும். முஸ்லிம்கள் ‘ஈஸா’ என்பவரை அரபுக் கிறிஸ்தவர்கள் ‘யசூ’ என்பார்கள். ‘பிஸ்மில்’, அதாவது ‘பெயரால்’ என்று ஜெபம் தொடங்கியதும் இது முஸ்லிம் ஜெபம் என்று வெளியாள் முடிவு கட்டிவிடுகிறான். அடுத்து வருவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயர். அதோடு ‘ஒரே கடவுள்’ என்றும் சேர்த்துச் சொல்வார்கள். எகிப்தின் கோப்து சபையார் திருவிருந்து வாங்கும்போது காலணியைக் கழற்றிவிடுவார்கள். தரையில் நெற்றி பட விழுந்து வணங்குகிற வழக்கமும் உண்டு. அதைப் பார்த்து மசூதி என்கிறார்கள். நம் கிராமத்து ஆலயங்களில் செருப்பை வெளியே விட்டு, முக்காடு போட்டுப் பாயில் உட்காருகிறவர்களை என்னவென்று சொல்வார்கள்?

பாரசீகத்தில் கதை வேறு, வலியும் கூட. அங்கே கிறிஸ்தவர்களும் ‘ஈஸா’ என்றே சொல்கிறார்கள். கடவுளுக்கு ‘கொதா’, இஸ்லாம் வருமுன்பே இருந்த பாரசீகச் சொல் அது. இன்றைய ஈரானில் பரம்பரைக் கிறிஸ்தவர்களான ஆர்மீனியரும் அசீரியரும் தங்கள் தங்கள் மொழியில் ஆராதிக்கலாம். நாட்டின் மொழியான பாரசீகத்தில் ஆராதித்தால்தான் சிக்கல், ஏனென்றால் அது முஸ்லிம்களுக்கும் புரியும். பாரசீக ஆராதனை நடந்துவந்த தெஹ்ரானின் பெரிய பெந்தெகொஸ்தே சபை 2013 இல் மூடப்பட்டது. அதனால் வீடுகளில் கூடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் பாடுகிறார்கள். தாய்மொழியில் ‘எங்கள் பிதாவே’ என்று சொல்ல இத்தனை பயப்பட வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இவர்களைப் பார்த்து, மேற்கத்திய மதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்கிறார்கள். அந்தப் பெந்தெகொஸ்தே பட்டியலை மறுபடி பாருங்கள். பார்த்தர், மேதர், எலாமீத்தர் என்றுதான் அது தொடங்குகிறது. மூவரும் இன்றைய ஈரான் பக்கத்து மக்கள்.

சென்னையில் இருப்பவர்கள் பரங்கிமலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவை 1547 இல் போர்த்துக்கீசியர் கையில் கிடைத்தது. அவர்கள் இந்தியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்திய சிலுவை அது. அடுத்த முறை ஏறும்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலுவையைச் சுற்றி வளைந்து ஓடுகிற எழுத்து பஹ்லவி, அதாவது பழைய பாரசீகம்.