ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை

அனைவருக்கும் வணக்கம். கடை முதலாளிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் பணிச்சூழல் என்ற பெரிய தலைப்பை ஜவுளிக்கடைக்குள்ளேயே வைத்துப் பேசிவிடுகிறேன்.

2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018இலேயே இதைச் செய்துவிட்டது. அங்கேயும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்கு, அப்புறம் நாற்காலிக்கு என்று வருடக்கணக்கில் போராடினார்.

சரி, சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. மதியம் மூன்று மணிக்கு ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் யாருமில்லை. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் புடவைப் பெட்டி. அந்தப் பெண் ரேக்கில் முதுகைச் சாய்த்து, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். உட்காராதே என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. என்றைக்கோ உட்கார்ந்த ஒருவரைச் சூப்பர்வைசர் பார்த்த பார்வை போதும், மொத்த மாடிக்கும் புரிந்துவிட்டது. பணிச்சூழல் என்று நான் சொல்வது அந்தப் பார்வையைத்தான்.

குதிகால் வலியும் நரம்புச் சுருட்டலும் அவர்கள் பாடு என்று நினைக்கிறீர்களா? உட்காரவே பயப்படுகிறவர் உங்களிடம் வேறு எதைத் தைரியமாகச் சொல்லுவார்? புடவையில் கறை பட்டிருந்தால் மடித்து அடியில் வைத்துவிடுவார். 'எல்லாரும் சின்ன பார்டர்தான் கேக்குறாங்க' என்று கவுன்டரில் தினமும் காதில் விழுவதை உங்கள் காதுக்குக் கொண்டுவரமாட்டார். நீங்கள் பெரிய பார்டராகவே கொள்முதல் செய்துகொண்டிருப்பீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். சம்பளம் போதவில்லை போல என்று நீங்களாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, புதிதாக ஒருவருக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுப்பீர்கள்.

சுவரில் விதிமுறை அச்சடித்து ஒட்டுவதால் இது மாறாது. நாளை மதியம் கூட்டமில்லாத நேரத்தில், எல்லோரும் பார்க்க, உங்கள் சூப்பர்வைசரை உட்காரச் சொல்லுங்கள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நீங்களும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன பார்டர் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்துகொள்ள அவருக்குத் தெரியும்.