விலையை ஒளிப்பதும் விதியை மாற்றுவதும்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிச் சென்ற எதிரணித் தலைவரே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களின் மனக்கசப்புக்குப் பெரிதும் காரணம் நிறுவனங்களின் போக்கா, பயணிகளின் மலிவு மோகமா என்பது இன்றைய தலைப்பு. நிறுவனங்களின் போக்கே என்று வழக்காட நான் வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். பெட்டி கொண்டு வராதவன் அடுத்தவன் பெட்டிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும், வேண்டியதற்கு மட்டும் விலை கொடுப்பதுதானே நியாயம் என்றார். அடுத்து, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி ஒரு பயணியிடமிருந்து இத்தொழிலுக்குக் கிடைக்கும் நிகர லாபம் ஏறத்தாழ 7 டாலர்தான், மலிவாகக் கேட்டவர்களுக்கு மலிவானதுதான் கிடைக்கும் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.

அந்த 7 டாலர் கணக்கை நான் மறுக்கவில்லை. லாபம் குறைவு என்பது விலையை உயர்த்துவதற்குக் காரணமாகலாம்; விலையை ஒளித்து வைப்பதற்கு எப்படிக் காரணமாகும்?

டிக்கெட் வாங்கும் திரையைச் சற்று நினைத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு தொகை பெரிய எழுத்தில் நிற்கிறது. பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நிரப்பி, இனித் திரும்பிப் போக மனம் வராது என்ற கட்டத்துக்கு நாம் வந்த பிறகுதான் இருக்கை வரைபடம் விரிகிறது. சன்னலோரத்துக்கு ஒரு விலை, நடைவழியோரத்துக்கு ஒரு விலை, யாரும் விரும்பாத நடு இருக்கைக்கும் ஒரு விலை. இருக்கையைத் தேர்ந்தெடுக்காமல் தொடரலாம் என்ற வழி மட்டும் ஓர் ஓரத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தட்டுப்படாத அளவில் இருக்கும். அதை எப்படியோ கண்டுபிடித்து அழுத்தினாலும், உடன் வருபவர்களோடு சேர்ந்து அமர முடியாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை எழும். ஐந்து வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய்க்கு, அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்காருவது வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதியா? எதிரணித் தலைவர் சொன்ன நியாயம் பெட்டிக்குப் பொருந்தலாம் என்றே வைத்துக்கொள்கிறேன். இருக்கைக்குப் பொருந்தாது, ஏனெனில் இருக்கை இல்லாமல் எவரும் பறப்பதில்லை.

இது சில்லறை விவகாரமும் அன்று. அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2018 முதல் 2023 வரை ஐந்து நிறுவனங்கள் இருக்கைக் கட்டணமாக மட்டும் ஈட்டியது 1,240 கோடி டாலர். அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஃபிரான்டியர், ஸ்பிரிட் ஆகிய இரு நிறுவனங்கள், பை விதியை மீறியதாகக் கருதப்பட்ட பயணிகளைப் பிடித்ததற்காக, விமான வாயிலில் பணியாற்றுவோர் முதலானவர்களுக்கு 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்திருக்கின்றன. பையின் அளவைச் சோதிக்கும் கம்பிச் சட்டகத்துக்கு முன்னால், பின்னே வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்க, ஒருவர் தம் பையை அழுத்தித் திணித்துப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் பணியாளருக்கோ அந்தப் பை உள்ளே போகாமலிருப்பதில்தான் வருமானம். அந்த இடத்தில் மரியாதையை எதிர்பார்ப்பதே நம்முடைய பேராசைதான் போலும்! பணியாளரை நான் குறை சொல்லவில்லை, அவரை அப்படி நிறுத்தி வைத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

பெட்டிக் கட்டணத்தின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். 2008இல் எரிபொருள் விலையைக் காரணம் காட்டி, முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கி வைத்தது. அந்த ஆண்டு சூலையில் உச்சத்தைத் தொட்ட கச்சா எண்ணெய் விலை, ஆண்டு முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கட்டணம் சரிந்ததா என்றால், இல்லை. பிற்பாடு உயர்ந்ததுதான் மிச்சம். டிக்கெட் விலையிலிருந்து பிரித்தெடுப்பதில் இன்னோர் ஆதாயமும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டு டிக்கெட் மீது விதிக்கப்படும் 7.5 விழுக்காட்டுக் கூட்டாட்சி வரி, தனியாக வாங்கப்படும் பெட்டிக் கட்டணத்தின் மீது விழுவதில்லை. பயணிகளின் மலிவு மோகமா இந்த வரிச் சட்டத்தை எழுதியது?

மலிவைக் கேட்டவர்கள் பயணிகளே என்பதற்கு அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகள் இலவசம் என்பதையே பல்லாண்டுகளாகத் தன் அடையாளமாக வைத்திருந்த நிறுவனம் அது. பெட்டிக் கட்டணம் வைத்தால் 100 முதல் 150 கோடி டாலர் வரவு வரும், ஆனால் பயணிகள் விலகிச் செல்வதால் 180 கோடி டாலர் இழப்பு நேரும் என்று 2024 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் முதலீட்டாளர்களிடம் கணக்குச் சொன்னது. பெட்டிக் கட்டணம் வேண்டாம் என்பதே பயணிகளின் விருப்பம் என்று அறிந்திருந்தும், முதலீட்டாளர்களின் நெருக்கடிக்கு நடுவே, 2025 மே மாதத்தில் பெரும்பாலான பயணிகளுக்குக் கட்டணத்தைக் கொண்டுவந்தது.

இனி, தலைப்பில் உள்ள 'அடிக்கடி' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர் ஏமாந்தால் ஒரு நாள் வருந்திவிட்டு மறந்துவிடுவார். அடிக்கடி பறப்பவரின் கசப்பு வேறு வகையானது. எங்களிடமே தொடர்ந்து வாருங்கள், பின்னர் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய 'மைல்' என்னும் வெகுமதிப் புள்ளிகளைச் சேர்த்துத் தருகிறோம் என்ற உறுதியை நம்பி, வேறு நிறுவனத்தின் மலிவான டிக்கெட்டை விட்டுவிட்டு அதே நிறுவனத்தில் பறந்தவர் அவர். மலிவு மோகம் என்ற குற்றச்சாட்டு இவர் மீது எப்படி ஒட்டும்? இவருக்குக் கிடைத்தது என்ன? பறந்த தொலைவுக்கு மைல் என்றிருந்த முறையை டெல்டா, யுனைடெட் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 2015இல் செலவழித்த பணத்துக்கு மைல் என்று மாற்றின. அடுத்த ஆண்டே அமெரிக்கன் ஏர்லைன்ஸும் மாற்றியது. 2023இல் டெல்டா தன் உயர்நிலை உறுப்பினர் தகுதிக்கான செலவு வரம்பை 20,000 டாலரிலிருந்து 35,000 டாலராக்குவதாக அறிவித்து, எதிர்ப்பு வெடித்த பிறகு 28,000 டாலரில் இறங்கி நின்றது. எல்லை மீறிவிட்டோம் என்று அதன் தலைமை அதிகாரியே அப்போது ஒப்புக்கொண்டார்.

அந்த மைல்கள் பயணியின் சொத்து அல்ல என்று பொதுவாக விதிமுறைகளிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். வங்கிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் மட்டும் கதை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் இதே மைல் திட்டங்களை ஈடு வைத்து 2020இல் டெல்டா 900 கோடி டாலரும், யுனைடெட் 680 கோடி டாலரும் திரட்டின. மறு ஆண்டு அமெரிக்கன் 1,000 கோடி டாலர் திரட்டியது. கடன் வாங்கும்போது பொன்னாக மின்னும் மைல், பயணி கேட்கும்போது மட்டும் வெறும் எண்ணாகிவிடுகிறது.

முறையிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நீதிமன்றச் சான்றே இருக்கிறது, நடுவர் அவர்களே. நார்த்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் உயர்நிலை உறுப்பினராக இருந்த யூத மதகுரு ஒருவரை, அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்று சொல்லி, 2008இல் அந்த நிறுவனம் தன் மைல் திட்டத்திலிருந்தே நீக்கியது. நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நடந்துகொள்ள வேண்டிய கடமையை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. விமானக் கட்டணத்திலும் சேவையிலும் மாநிலச் சட்டங்கள் தலையிடக் கூடாது என்னும் 1978ஆம் ஆண்டின் விமானத் துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தின் முன்னே அந்தக் கோரிக்கை நிற்காது என்று 2014இல் அனைத்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர் ஏற்கெனவே நிறையச் சலுகைகளும் இழப்பீடுகளும் வாங்கியிருந்தார் என்பதை எதிரணி எடுத்துச் சொல்லும், சொல்லட்டும். அவர் புகார்களில் பாதி வீண் என்றே இருந்தாலும், யாரைச் சேர்ப்பது, யாரை வெளியேற்றுவது என்பதைத் தன் விருப்பம்போல் முடிவு செய்யும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடைசியாக ஒன்று. மலிவைத் தேடுபவனுக்கு இப்படித்தான் நடக்கும் என்றால், உலகில் எல்லா இடத்திலும் அப்படியே நடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, விமானம் கடைசி நேரத்தில் ரத்தானாலோ, டிக்கெட் இருந்தும் பயணியை ஏற்ற மறுத்தாலோ, தொலைவுக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ இழப்பீடு தரச் சொல்கிறது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் தாமதத்துக்கும் அது பொருந்தும் என்று அங்குள்ள நீதிமன்றம் 2009இல் விரித்துரைத்தது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழலுக்கு விலக்கு உண்டு, ஆனால் டிக்கெட் மலிவாக வாங்கியவருக்கு இழப்பீடு இல்லை என்று எங்கும் எழுதப்படவில்லை. மிக மலிவான விமானங்கள் அதே ஐரோப்பாவிலும் பறக்கின்றன. பயணி மாறவில்லை, அவருடைய பை மாறவில்லை, மலிவு விருப்பமும் மாறவில்லை. நிறுவனத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே பயணியின் எந்தக் குணம் மாறியதால் அந்த இழப்பீடு கிடைக்கிறது என்பதை எதிரணித் தலைவர் தம் மறுப்புரையில் விளக்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.