தூண் கள்ளிப் போத்து: காயவிடுவதில்தான் பாதி வேலை

நேயர்களுக்கு வணக்கம். செரியஸ் போலத் தூணாக உயரும் கள்ளியை வெட்டிய கையோடு மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால், வேருக்கு முன் அழுகல் வந்துவிடும். வாடிச் சாகும் போத்துகள் (நடுவதற்காக வெட்டிய தண்டுத் துண்டுகள்) குறைவு. ஈரத்தில் அழுகுபவைதான் அதிகம்.

செடி வளர்ந்துகொண்டிருக்கும் வெதுவெதுப்பான பருவத்தில் வெட்டுங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் போதும். கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். செய்தித்தாளைப் பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடித்தால் முள் கையில் ஏறாது. தாய்ச்செடியில் மிஞ்சும் வெட்டு சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. பின்னர் அங்கே புதுக் கிளைகளும் வரும்.

இனி வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் தெரியும். அது பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அழுகல் ஏறிவிட்டது. சுத்தமான சதை வரும்வரை, ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்து, சீவிக்கொண்டே போங்கள். வேர் பெரும்பாலும் இந்த வளையத்தை ஒட்டித்தான் கிளம்பும். ஆனால் காயும்போது சதை உள்வாங்க, தடித்த தோல் அப்படியே நின்றுவிடும். வளையம் குழிக்குள் போய்விடும். அதனால்தான் விளிம்பைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்வாகச் சீவச் சொல்கிறோம். பலர் விட்டுவிடும் வேலை இது.

வெயில் படாத, காற்றாடும் இடத்தில் 2 முதல் 3 வாரம் காயட்டும். பருத்த தண்டுக்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். வெட்டு முகம் கெட்டியாகக் காய்ப்பு ஏறியிருக்க வேண்டும். காலித் தொட்டிக்குள் நிமிர்த்தியே வையுங்கள். வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தால் பக்கவாட்டில் வேர் விடும், நுனியும் வளையும். ஒரே தண்டைப் பல துண்டாக்கினால் எது அடி என்று குறித்துவிடுங்கள்.

பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) இரண்டு பங்கு, மண் கலவை ஒரு பங்கு. தண்டைவிடச் சற்றே அகலமான தொட்டி. பெரிய தொட்டியில் ஈரம் தங்கிவிடும். 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டும் புதைத்து, குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆழமாகப் புதைத்தால் ஆடாது, ஆனால் அழுகும்.

வேர் பிடிக்கும்வரை கலவை காய்ந்தே இருக்கட்டும். நாலைந்து வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் முதல் தண்ணீர். அடுத்தது கலவை முழுக்கக் காய்ந்த பிறகே. வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள், இல்லையென்றால் தோல் வெந்து வெளுக்கும். அந்தத் தழும்பு மாறாது.

ஓர் எச்சரிக்கை. வெட்டியதும் வெள்ளைப் பால் வடிந்தால், அது தூண் கள்ளியைப் போலவே தோன்றும் யூபோர்பியா என்ற வேறு செடி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.